அப்பாவைச் சுற்றி ஒரு கோடு

ஆரியசாலையில் குற்றாலலிங்கம் நடத்திவந்த டிஜிட்டல் ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்யக் கொடுப்பவர்கள் கிளம்பும்போது மறக்காமல் ஒன்று சொல்வார்கள். "பார்டர் மட்டும் ராகேல் போட்டாப் போதும்."

அப்படிச் சொல்வதில் நியாயம் இருந்தது. படத்தைச் சுற்றிப் பொன்னிறத்தில் இரட்டைக் கோடு, ஓரம் மங்கிக் கரைந்துபோகும் நீள்வட்டம், புடவைச் சரிகையின் நிறத்தையே எடுத்து இழைத்த சட்டம் என்று ஃபோட்டோஷாப்பில் ராகேல் போடும் ஓரங்கள் அந்தத் தெருவில் வேறு யாருக்கும் கைவராது. மணமகளின் தலைமுடிக்கும் மல்லிகைப் பூவுக்கும் இடையே புகுந்து, ஒரு இதழ்கூட வெட்டுப்படாமல் பின்னணியை உரித்தெடுப்பாள். குற்றாலலிங்கத்தின் அண்ணன் தம்பிகள் எல்லோரும் மல்லி, மிளகாய் மொத்த வியாபாரம். அவர் ஒருவர்தான் கேமராவின் பின்னால் போனவர். "எங்க கடையில மிளகா நெடி இருக்காது, ராகேலு போடுத பார்டர்தான் இருக்கும்" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொள்வார்.

ராகேலுக்கு ஊர் பாறசாலைப் பக்கம். பிளஸ் டூ முடித்ததும் தம்பானூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்துவிட்டு இங்கே சேர்ந்தவள். கணவன் யோசுவா போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது சாலைக் கடைத்தெருவில் நீலச் சட்டை போட்டுச் சுமை இறக்குகிறான். இவர்களுக்கு ஒரே மகள் பிஜி. இது நடந்த 2003ஆம் வருஷம் அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு.

பிஜி பிறந்தபோதே இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருந்தது. கைக்குழந்தையாக இருக்கையிலேயே ஆபரேஷன் செய்தார்கள். கனமான கண்ணாடியும் போட்டார்கள். ஆனால் பார்வை முழுசாக வரவில்லை. வெளிச்சம் தெரியும், நிறம் தெரியும், பெரிய உருவம் தெரியும். தெருமுனையில் நீலமாக ஒன்று அசைந்து வந்தால் அது அப்பா. எழுத்தைப் பெரிதாக எழுதிக் கொடுத்தால், மூக்கு தாளில் உரசக் குனிந்து வாசித்துவிடுவாள். படம் மட்டும் பிடிபடவே இல்லை.

யாராவது போட்டோ காட்டினால் வாங்கிக்கொள்வாள். கொஞ்ச நேரம் முகத்தோடு சேர்த்து வைத்திருந்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுப்பாள். எல்லோரும் போட்டோவைப் பார்த்தால் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். நாள் முழுக்கப் படங்களோடு பிழைக்கிற ராகேலுக்கு அந்த "நல்லா இருக்கு" ஒவ்வொரு முறையும் நெஞ்சில் முள்ளாகக் குத்தும்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்த வாரத்தில் வகுப்பு டீச்சர் அம்மிணி, ராகேலைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னாள். நல்ல மனுஷி; பிஜியை முதல் பெஞ்சில் உட்காரவைத்து, கரும்பலகையில் எழுதியதை அவளுக்குத் தனியாக வாசித்துக் காட்டுகிறவள்.

"ராகேலே, குட்டி நல்ல மிடுக்கியாணு" என்று மலையாளத்தில் ஆரம்பித்தாள். கெட்டிக்காரக் குழந்தைதான். ஆனால் இரண்டாம் வகுப்பில் பாதிப் பாடம் படமாகவே இருக்கிறது. பசுவின் படத்தைக் காட்டிக் கேட்டால் பிஜி பாறை என்கிறாள். மூன்றாம் வகுப்பில் இது இன்னும் கூடும். அதனால் ஜூன் மாதம் அவளைப் பார்வையில்லாத குழந்தைகளுக்கான ஹாஸ்டல் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் நினைக்கிறார்.

ராகேல் வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். யோசுவா சட்டையைக் கழற்றாமல் அப்படியே நின்றான்.

"அங்க நல்லா சொல்லிக் குடுப்பாங்கன்னா விடலாம், தப்பில்ல" என்றான். "ஆனா இவ எழுத்து வாசிக்கா இல்லியா? வாசிக்கிற பிள்ளய வாசிக்க முடியாதுன்னு எப்படிக் கொண்டு விட?"

"படம் தெரியலன்னு சொல்லுதாங்க."

"ஊருல உள்ள படத்த எல்லாம் நீதான சரியாக்குத?" என்று கேட்டுவிட்டான். குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவனுக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனால் ராகேலுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாததால் பிஜியை ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்தாள். பிஜிக்குக் கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் பிடிக்கும். அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் முட்டிபோட்டு நின்றுகொண்டாள்.

ராகேலின் முன்னால் ஒரு மணமகள் படம். மண்டபத்துப் பந்தல், சீரியல் விளக்கு, பின்னால் நிற்கும் கூட்டம் எல்லாவற்றிலிருந்தும் அந்தப் பெண்ணை மட்டும் தனியே எடுக்க வேண்டும். புள்ளி புள்ளியாகச் சொடுக்கி உடலைச் சுற்றி வந்து முடித்தாள். விளிம்பு ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக, பின்னணியை மறைத்து வெள்ளையாக்கிவிட்டு, பெண்ணைச் சுற்றித் தடிமனாக ஒரு கறுப்புக் கோடு போட்டாள். மென்பொருளில் அதற்கு ஸ்ட்ரோக் என்று பெயர். சரிபார்த்ததும் அழித்துவிடுவது அவள் வழக்கம்.

பிஜியின் மூக்கு திரையில் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, இந்தச் சேச்சி எதுக்கு இடுப்பில கை வச்சிருக்கு?"

ராகேலின் கை மவுஸில் அப்படியே நின்றது. படத்தில் மணமகள் ஒரு கையை இடுப்பில் ஊன்றித்தான் நின்றிருந்தாள். பிஜியிடம் அதை யாரும் சொல்லவில்லை.

"என்ன சொன்ன மக்ளே?"

"இடுப்பில கை. இந்தா, இங்க ஓட்டை மாதிரி இருக்கில்லா, கைக்கு நடுவில."

ராகேல் கோட்டை அழித்தாள். "இப்பம்?"

பிஜி முகத்தை இடமும் வலமுமாக நகர்த்தினாள். "போச்சு. சேச்சி போயாச்சு."

மறுபடியும் கோடு போட்டாள்.

"ஆ, வந்தாச்சு!"

ராகேல் எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்ததும் பிஜியின் தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல அந்த மணமகள் வேலையை முடித்தாள்.

திங்கட்கிழமை தன் கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்து ஸ்கேன் செய்தாள். போனக்காட்டு சர்ச் வாசலில் எடுத்தது. மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பாத்திரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பின்னால் இருந்த தேயிலைச் சரிவையும் ஜனங்களையும் அழித்துவிட்டு, யோசுவாவைச் சுற்றி ஒரு கோடு, தன்னைச் சுற்றி ஒரு கோடு போட்டாள். முகத்துக்குள் புருவம், மூக்கு, உதடு எல்லாவற்றுக்கும் கொஞ்சம் மெல்லிய கோடு. பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மகளிடம் கொடுத்தாள்.

பிஜி தாளை முகத்தருகே வைத்து மேலிருந்து கீழே மெல்ல நகர்த்தினாள். யோசுவா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது அம்மா. தலையில துணி போட்டிருக்கு. இது அப்பா." கொஞ்சம் நிறுத்தி, "அப்பா ஏன் அம்மைய விட்டுத் தள்ளி நிக்கார்?"

படத்தில் இருவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடைவெளி இருந்தது. இத்தனை வருஷம் அந்தப் போட்டோவைப் பார்த்த யாரும் அதைக் கேட்டதில்லை.

"அண்ணைக்கு எனக்கு வெக்கம் மக்ளே" என்றான் யோசுவா. சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு நிற்காமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றைக்கே தெருவில் இருந்த நாலு வீட்டுக்கு அந்தத் தாளை எடுத்துப்போய்க் காட்டினான். "எனக்க மவ என்னய போட்டோவில கண்டுபிடிச்சா" என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சொன்னான். அதில் என்ன அதிசயம் என்று புரியாதவர்களுக்கு முதலிலிருந்து விளக்கினான்.

அதன்பிறகு ராகேல் பாடப்புத்தகத்தில் கைவைத்தாள். அது நினைத்த மாதிரி எளிதாக இல்லை. மென்பொருளில் ஓரங்களைத் தானாகவே கண்டுபிடிக்கும் ஒரு ஃபில்டர் இருந்தது. ஒரு சொடுக்கில் வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டு, பசு மேய்கிற பக்கத்தை அதில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு புல்லுக்கும் ஒரு கோடு, மரத்தின் ஒவ்வொரு இலைக்கும் ஒரு கோடு.

"நூல்கண்டு பிரிஞ்சு கெடக்கு" என்றாள் பிஜி.

ராகேல் ஃபில்டரை விட்டுவிட்டுக் கையாலேயே செய்தாள். புல்லை எடுத்தாள், மேகத்தை எடுத்தாள். பசுவுக்குக் கோடு, கயிற்றுக்குக் கோடு, குட்டைக்குக் கோடு. அப்படியும் பசுவின் காலும் பின்னால் நின்ற வேலியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. கறுப்புக் கோட்டுக்கு வெளியே அதே அகலத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டுப் பார்த்தாள். பசு வேலியிலிருந்து பிரிந்து முன்னால் வந்துவிட்டது. இன்னொரு சிக்கலும் இருந்தது. மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டே போகிற பிஜி, படம் முடிந்தது தெரியாமல் மேஜைக்குப் போய்விடுவாள். மேஜையின் கீறலைக்கூடப் படம் என்று நினைத்து, "இங்க ஒரு ஆறு ஓடுது" என்பாள். அதற்கு ராகேல் பக்கத்தைச் சுற்றிக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புச் சட்டம் போட்டாள். "இது மதிலு. இதுக்குள்ள இருக்கதுதான் படம், கேட்டியா?" கல்யாண ஆல்பத்துக்கு ஆயிரம் பார்டர் போட்டிருக்கிறாள். அழகுக்கு இல்லாமல் ஒரு தேவைக்காகப் போட்டது இதுதான் முதல் தடவை.

குற்றாலலிங்கம் இதைக் கவனிக்காமல் இல்லை. ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் வெளியே காத்திருக்கையில், ஸ்கேனரைத் திறந்தவர் உள்ளே இரண்டாம் வகுப்புப் புத்தகம் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தார்.

"என்னம்மா இது? கல்யாண சீசன்ல பசுமாட்ட வச்சிக்கிட்டு இருக்க?"

"அண்ணாச்சி, தப்புதான். பிஜிக்கு வேண்டி..." என்று ராகேல் நடந்ததைச் சொன்னாள்.

அவர் நம்பவில்லை. பிஜி மனப்பாடமாகச் சொல்லியிருப்பாள் என்றார். ராகேலுக்குக் கோபம் வந்தது. "அப்பம் நீங்களே ஒரு படம் குடுங்க அண்ணாச்சி. அவ பாத்திராத படம்."

அவரும் விடவில்லை. குடும்பத்தோடு பொன்முடி மலைக்குப் போனபோது எடுத்த தன்னுடைய படத்தையே கொடுத்தார். ராகேல் கோடு போட்டு முடித்தாள். சாயங்காலம் பள்ளி விட்டு வந்த பிஜி திரையின் முன்னால் முட்டிபோட்டாள். குற்றாலலிங்கம் பின்னால் நின்றார்.

"ஒரு மாமா. கல்லு மேல ஒரு கால வச்சிருக்கார். கையில குடை. இல்ல... குடை இல்ல, கம்பு." முகத்தை இன்னும் நெருக்கினாள். "வயிறு நல்ல பெரிசு."

கடையே சிரித்தது. குற்றாலலிங்கம்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். "ஆமா தாயீ, அது நான்தான்!" பிறகு ராகேலிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஸ்கேனரு உனக்கு. யாரும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

மார்ச் மாதம் ராகேல் ஒரு கட்டுத் தாளோடு அம்மிணி டீச்சரிடம் போனாள். டீச்சர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் புத்தகத்தின் கடைசிப் பாடத்தைத் திறந்தாள். இன்னும் வகுப்பில் எடுக்காத பாடம். இதை இதே மாதிரி செய்து கொண்டுவர முடியுமா, பிஜியிடம் காட்டாமல், என்று கேட்டாள். தானே ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசுவதாகவும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸின் அறையில் பிஜியை உயரமான நாற்காலியில் உட்காரவைத்தார்கள். யோசுவா அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்து கதவருகே நின்றான். ராகேல் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள்.

பிஜி முதலில் சட்டத்தைச் சுற்றி ஒரு தடவை விரலை ஓட்டினாள். பிறகு குனிந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் பேசுவது மலையாளம்தான், அதிலேயே சொன்னாள். "இது சந்தை. ஒரு அம்மா மீன் விக்கிறாங்க. கூடை தரையில இருக்கு. இங்க ஒரு தாத்தா குடை பிடிச்சிருக்கார். மழை இல்ல டீச்சர், பின்ன எதுக்குக் குடை?"

"வெயிலுக்கா இருக்கும்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"ஆ. அப்பம் மீன் கெட்டுப்போகுமே."

அம்மிணி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிக்கவில்லை. தாளின் கீழ் மூலையில் விரல் வைத்து, "இது என்னம்மா?" என்று கேட்டார். அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. பாடத்துக்கு வேண்டாத நாய் என்று ராகேல்தான் கோடு போடாமல் விட்டிருந்தாள்.

பிஜி அந்த மூலைக்கு முகத்தைக் கொண்டுபோனாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"தெரியல டீச்சர். அங்க அம்மா கோடு போடல."

மகள் சந்தையைச் சொன்னபோதும் மீனைச் சொன்னபோதும் ராகேலுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் தலையை நிமிர்த்திக்கொண்டு "தெரியல" என்று சொன்னாளே, அப்போதுதான் ராகேல் தன் முதுகெலும்பு நேராவதை உணர்ந்தாள். "நல்லா இருக்கு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்ட குழந்தை இல்லை இவள். தெரிவது எது, தெரியாதது எது என்று இவளுக்கு இப்போது தெரியும்.

ஹெட்மிஸ்ட்ரஸ் தாளை எடுத்துத் தன் பக்கம் திருப்பிவைத்து நிதானமாகப் பார்த்தார். "இவள் இங்கேயே மூணாம் வகுப்புக்குப் போகட்டும்" என்றார். பிறகு அம்மிணி டீச்சரிடம், "அடுத்த வருஷப் புத்தகத்தை லீவுக்கு முன்னாடியே இவங்களுக்குக் கொடுத்திடுங்க" என்றார். ராகேலைப் பார்த்து, "நாய்க்கும் கோடு போடணும், கேட்டோ" என்று சொன்னபோது அவருடைய முகத்திலும் சிரிப்பு வந்திருந்தது.

வெளியே வராந்தாவில் யோசுவா மகளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டான். ஏழு வயதுப் பிள்ளையை அப்படித் தூக்கலாமா என்று யாரோ டீச்சர் கேட்டாள். "ஒரு மூட்டை அரிசியத் தூக்குதேன், எனக்க பிள்ளயத் தூக்கமாட்டேனா?" என்று சொல்லிக்கொண்டே கேட் வரைக்கும் போனான்.

செய்தி பரவியதற்குப் பெரும் காரணம் குற்றாலலிங்கம்தான். ஆல்பம் வாங்க வருகிறவர்களிடம் கல்யாணப் படத்தைக் காட்டுவதற்கு முன்னால் பசுவின் படத்தைக் காட்டினார். "நம்ம ராகேலு செஞ்சதாக்கும். நம்ம கடையில வச்சி" என்பார். பிஜியை வருஷாவருஷம் பரிசோதிக்கிற கண் டாக்டரிடம் ராகேலே அந்தத் தாள்களைக் கொண்டுபோய்க் காட்டினாள். டாக்டர் ஒரு தாளைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஜூலையில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. பார்வை குறைந்த குழந்தைகளின் பெற்றோரை ஒரு சனிக்கிழமை காலையில் கூட்டுகிறோம், நீங்கள் வந்து செய்துகாட்ட வேண்டும் என்றார்.

"கூட்டத்தில நான் பேசினதே இல்ல" என்று ராகேல் சொன்னாள்.

"சண்டேஸ்கூல்ல பாட்டுப் பாடல்லியா? அது மாதிரிதான்" என்றான் யோசுவா.

குற்றாலலிங்கம் கடையின் ஒரு கம்ப்யூட்டரையும் ஸ்கேனரையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு யோசுவா போனான். கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. நெடுமங்காடு, நெய்யாற்றங்கரை என்று எங்கெங்கிருந்தோ வந்த அம்மாக்கள், அப்பாக்கள், தடித்த கண்ணாடி போட்ட குழந்தைகள்.

ராகேல் எழுந்து நின்றாள். பேசத் தொடங்கினாள். "நான் டாக்டர் இல்ல, டீச்சர் இல்ல. பார்டர் போடுறது எனக்க வேலை. பிள்ளைகிட்ட எது தெரியுதுன்னு கேக்கணும். தெரியலன்னு சொன்னா திட்டக்கூடாது. எது வேண்டாமோ அத எடுத்திடணும், எது வேணுமோ அதச் சுத்திக் கோடு போடணும்." எழுதிவைத்துக்கொண்டு வந்த மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. அதனால் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் தன் மகனின் பள்ளிக் குரூப் போட்டோவை நீட்டினாள். பையனின் பெயர் விஜின். ராகேல் அதை ஸ்கேன் செய்து, மூன்று பிள்ளைகளைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டாள். விஜின் பார்த்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டினான். ஒன்றும் தெரியவில்லை. கூடத்தில் ஒரு சின்ன முணுமுணுப்பு எழுந்தது. அவனுடைய அம்மா போட்டோவைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"நில்லுங்க சேச்சி" என்றாள் ராகேல். "எனக்க மவளுக்கு வெள்ளையில கறுப்பு. உங்க மோனுக்கு வேற ஏதோ வேணும்."

பக்கத்தில் நின்ற பிஜி விஜினிடம் மலையாளத்தில் கேட்டாள். "உனக்கு எந்தக் கலர் பிடிக்கும்?"

"மஞ்ச" என்றான் அவன்.

ராகேல் பின்னணி முழுவதையும் கறுப்பாக்கினாள். கோட்டை மஞ்சளாக்கினாள். விஜின் முன்னால் சாய்ந்தான். கோட்டை இரண்டு மடங்கு தடிமனாக்கினாள். அவன் ஸ்டூலிலிருந்து எழுந்து திரைக்கே போய்விட்டான். வரிசையில் நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக விரலால் தொட்டுக்கொண்டு வந்தான். நடுவில் நின்ற உருவத்தில் விரல் நின்றது. அதன் காதுகள் இரண்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. அவன் தன் காதைத் தொட்டுப்பார்த்தான்.

"அம்மே, இது ஞானோ?"

இது நானா என்று அவன் கேட்டது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அவனுடைய அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை அசைத்தாள். "நீதான்டா, நீதான்" என்று பிஜி அவனுக்குச் சொன்னாள்.

கூடத்தின் பின்பக்கத்தில் சுவரோரமாக நின்றிருந்த யோசுவா, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டான். "அந்த ரெண்டு பேரும் எனக்க வீட்டு ஆளுகளாக்கும்" என்றான்.

ராகேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையில் புதிய பக்கம் ஒன்றைத் திறந்தாள். அதற்குள் மேஜையைச் சுற்றிப் போட்டோக்களோடு கைகள் நீண்டிருந்தன. "அடுத்தது யாரு? பேரு சொல்லு மக்ளே" என்றாள்.